மஞ்சள் எஞ்சின்

விற்கிறதென்று முடிவான கிழமைதான்
அது மறுபடி எரிந்தது.
வேகமுள்ளுக்குப் பக்கத்தில்
சுண்டுவிரல் நகமளவு மஞ்சளாய்
ஓர் எஞ்சின் படம்.

கொரோலா. இரண்டாயிரத்து இரண்டு.
எனக்கு முன் மூன்று பேர் வைத்திருந்தார்கள்.
அதிலொருவர் சீற்றுக்கடியில்
பாதி முறுக்குப் பைக்கற்றை மறந்துவிட்டுப் போயிருந்தார்.

கொழும்பிலிருந்து எடுப்பித்த
தீப்பெட்டி அளவு கருவியை
ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகினால்
போன் சொல்கிறது:
பீ, பூச்சியம், ஒன்று, ஏழு, ஒன்று.
காற்றுக் கூட, பெற்றோல் குறைய
மூச்செடுக்கிறதாம்.
அழிக்கவா என்று கேட்டது.
அழி என்றேன்.
அழிந்தது.
இவ்வளவுதானா என்று
ஒரு பிளேன்ரீ குடித்தேன்.

களுவாஞ்சிகுடிச் சந்தையடியில் ஒன்றுமில்லை.
ஓந்தாச்சிமடத்தில் ஒன்றுமில்லை.
கோட்டைக்கல்லாற்றுப் பாலத்தில் ஏறும்போது
மஞ்சள்.

காற்று போகும் குழாயை மாற்றினேன்.
சென்சரைக் கழற்றி மருந்தடித்துக் கழுவினேன்.
பெட்டரியின் மைனஸை
ஓர் இரவு முழுக்கக் கழற்றி வைத்தேன்.
காலையில் மணிக்கூடு பன்னிரண்டில் நின்று துடித்தது,
ரேடியோவுக்கு ஒரு நிலையமும் ஞாபகமில்லை,
யாரென்றே தெரியாத மாதிரி
என்னைப் பார்த்தது கார்.
முதல் நாள் எரியவில்லை.
இரண்டாம் நாள், அதே பாலம்.

மருதமுனை ஜௌசி சிரித்தான்.
"முதல்தரம் மனசுக்குள்ள வெச்சிக்கும் அண்ணன்.
ரெண்டாந்தரமும் கண்டாத்தான் சொல்லும்.
நம்மட ஆக்கள் மாதிரி இல்ல."

தகரப் பேணியில் புகை மூட்டி
குழாய் குழாயாய் ஊதிப் பார்த்தான்.
வெடிப்பு எங்கேயுமில்லை.
புகை அவன் கண்ணுக்குள்தான் போனது.
அசர் தொழுகைக்குப் போய் வந்தும் பார்த்தான்.
கடைசியில்
துணியில் கையைத் துடைத்துக்கொண்டே,
"விக்கத்தானே போறீங்க.
பல்பைக் கழட்டிருவமா?"

நான் ஓமென்று சொல்லவில்லை.
முன்கடைக்குப் பிளேன்ரீ குடிக்கப் போய்
மெதுவாகத்தான் திரும்பி வந்தேன்.

வெள்ளிக்கிழமை திருக்கோவிலிலிருந்து வந்தா தவநிதி.
ஆஸ்பத்திரித் தாதி, இரவு வேலை முடித்த கண்.
ரயரை உதைத்தது, கதவை அடித்துப் பார்த்தது எல்லாம்
கூட வந்த தம்பி.
அவ உள்ளே இருந்து
சாவியை ஒரு கட்டம் மட்டும் திருப்பி
அப்படியே பார்த்துக்கொண்டிருந்தா.
பெட்டரி, எண்ணெய், ஹேண்ட் பிரேக்,
வரிசையாய்ச் சிவப்பு.
"மஞ்சள் எங்க?"

நான் தம்பியின் செருப்பைப் பார்த்தேன்.

"ஸ்ராட் பண்ண முதல்
எல்லாம் ஒருக்கா எரிஞ்சு காட்டணும்.
வார்ட்டில மொனிட்டர் சத்தம் போடாட்டி
நாங்க மொனிட்டரத்தான் முதல்ல பாக்கிற."

பல்பு டாஷ்போர்ட் பெட்டிக்குள்
ஒரு வெறும் பனடோல் உறையில் இருந்தது.
எடுத்துக் கொடுத்தேன்.
உறையைப் பார்த்துத்தான் அவ சிரித்தா.

பிறகு எல்லாம் சொன்னேன்,
குழாய், மருந்து, கழற்றி வைத்த இரவு, பாலம்.
நோயாளி சொல்வதைக் கேட்பது போல
இடைமறிக்காமல் கேட்டுவிட்டு,
"ஏத்தத்தில மட்டுமா வாற?" என்றா.
"காத்துக் கூடினதா,
இல்ல பெற்றோல் வந்து சேராததா?"

மூன்று மாதம் நான் காற்றையே துரத்தியிருக்கிறேன்.
பின்சீற்றுக்கடியில் டாங்கிக்குள் கிடக்கும் பம்பை
ஒருநாளும் நினைக்கவில்லை.
அதுதானோ, தெரியாது.
அவவும் அதுதானென்று சொல்லவில்லை.
நாற்பதாயிரம் குறைத்தா.

ஜௌசி வந்து பல்பைப் பூட்டினான்,
என் முகத்தைப் பார்க்காமல்.
சாவி திருப்பியதும் எரிந்தது.
எஞ்சின் பிடித்த பிறகும் எரிந்தது.
அப்படியே ஓட்டிக்கொண்டு போனா.

எட்டு நிமிடம் கழித்து,
இப்போது பாலம் என்று நினைத்தேன்.
மூன்று வருடம் கார் நின்ற மணலில்
ஒரு சொட்டு எஞ்சின் ஒயில், ஈரம் காயாமல்.
இதை நான் முன்பு கண்டதே இல்லை,
சத்தியமாக.